கருப்பு நகம், வீட்டிலேயே: லேம்ப் ஜெல்லா, சாதா பாலிஷா, ஒட்டு நகமா?

நெயில் பாலிஷில் கருப்பு தனி ரகம். வெளிர் ரோஸ் பூசும்போது கை கொஞ்சம் நடுங்கினாலும் யாருக்கும் தெரியாது. கருப்பில் ஓரம் மயிரிழை பிசகினாலும் எதிரில் இருப்பவர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். முனையில் துளி உரிந்தாலும் அப்படித்தான். அதனாலேயே கருப்பு நகம் ஆசைப்படும் பெண்கள் பலர் ஜெல் பக்கம் போகிறார்கள். இரண்டு வாரம் உரியாமல் நிற்கிறது, பளபளப்பும் குறைவதில்லை. லேம்ப்பும் நாலைந்து பாட்டிலும் சேர்ந்த கிட் ஆன்லைனில் ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கிறது. பார்லரில் ஒரு தடவை கொடுக்கும் காசுக்கு வீட்டிலேயே வருஷம் முழுக்கப் போடலாமே என்ற கணக்கு மனசில் ஓடாமல் இருக்காது.

அந்தக் கணக்கில் சில செலவுகள் விட்டுப்போகின்றன. எல்லாம் காசுச் செலவும் இல்லை. நம் வேலூர்ப் பக்கம் காட்பாடி விடுதியில் இருக்கும் மாணவி, சத்துவாச்சாரியில் மூன்று வேளை சமைக்கிறவர், ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பெண், நர்சிங் படிக்கிறவர் என்று நாலு பேர் வந்து கேட்டால் நாலு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. வீட்டில் செய்யக்கூடியவை மூன்று வழிகள்: லேம்ப்பில் காட்டி இறுக வைக்கும் ஜெல், லேம்ப் தேவைப்படாத சாதா கருப்பு பாலிஷுக்கு மேல் ஜெல் போல மின்னும் டாப் கோட், பிரஸ்-ஆன் எனப்படும் ஒட்டு நகம். மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, போட்டதை எப்படிக் கழற்றுவது என்பதை. போடும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. கழற்றுவதைப் பொறுமையாகக் காட்டுபவை குறைவு. நகம் கெடுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியிலிருந்து முனை வரை முழு நகம் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். அவசரத்தில் பிய்த்து மேல் அடுக்கு போய்விட்டால், அந்த மெலிந்த நகத்தோடு அத்தனை நாளும் காலம் தள்ள வேண்டும்.

இரண்டாவது, பூசும் பொருள் தோலுக்கு என்ன செய்யும் என்பது. மூன்றாவது, உங்கள் கை ஒரு நாளில் எதிலெல்லாம் படுகிறது. நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறோம், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கிறோம், சோப்பு போட்டு பாத்திரம் விளக்குகிறோம். வெளிநாட்டு வீடியோவில் இரண்டு வாரம் நின்றது நம் வீட்டில் அவ்வளவு நாள் நிற்காததற்கு இதுவே பாதிக் காரணம்.

நாலாவது, நகம் எத்தனை நாள் கருப்பாக இருக்கலாம். கல்லூரி, வேலை, தொழுகை, ஆஸ்பத்திரி, வீட்டில் நடக்கப்போகும் சுபகாரியம் எல்லாம் இதில் வரும். ஐந்தாவது பணம். அப்புறம் வேலூருக்கென்றே உள்ள வெயிலும், பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் நிறுத்தப்படும் கரண்டும்.

| | லேம்ப் ஜெல் | சாதா பாலிஷ் + பளபள டாப் கோட் | ஒட்டு நகம் |
|---|---|---|---|
| தொடக்கச் செலவு (தோராயமாக) | ரூ. 1,000–2,500 | ரூ. 150–500 | ஒரு செட் ரூ. 150–500 |
| போட ஆகும் நேரம் | 1 முதல் 1½ மணி | பூச அரை மணி. நன்றாக இறுக ஒரு ராத்திரி | 15–20 நிமிடம் |
| நிற்கும் காலம் | 10–14 நாள் | 3–5 நாள் | பசையில் 5–7 நாள். ஸ்டிக்கரில் 1–2 நாள் |
| கழற்றும் வழி | அசிட்டோனில் 10–15 நிமிடம் ஊறல் | ரிமூவரும் பஞ்சும் | வெந்நீர், சோப்பு, எண்ணெய் |
| பெரிய ஆபத்து | தோல் ஒவ்வாமை, நகம் மெலிதல் | நகத்தில் மஞ்சள் கறை | இடுக்கில் ஈரம் தங்குதல் |
| கரண்ட் போனால் | வேலை நின்றுவிடும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |

விலை கடைக்குக் கடை மாறும். லாங் பஜார் ஃபேன்சி ஸ்டோரில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று இருக்கும்.

## லேம்ப் ஜெல்

சாதா பாலிஷ் காய்வது அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால். ஜெல் அப்படிக் காய்வதில்லை. அது திரவ நிலையில் இருக்கும் பிசின். லேம்ப்பின் புற ஊதா (யூ.வி.) ஒளி படும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன. ஒளி எட்டாத இடம் இறுகாது.

கருப்புக்கு வரும் சிக்கல் இதுதான். கருப்பு நிறமி ஒளியை உறிஞ்சிவிடுகிறது. கொஞ்சம் தடிமனாகப் பூசினாலும் மேலே கல் மாதிரி இறுகி, அடியில் ஈரமாகவே இருக்கும். வெளிர் நிறத்தில் இந்தத் தவறு ஓரளவு மன்னிக்கப்படும். கருப்பில் அப்படி இல்லை, அதோடு வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஜெல்லில் பழக நினைக்கிறவர்கள் ஆசைப்பட்டு முதலில் எடுக்கும் நிறம் கருப்பு. வீட்டில் சரியாக இறுக வைக்க மிகக் கடினமான நிறங்களில் ஒன்றும் அதுதான். இதைக் கிட் விற்கிறவர்கள் பெட்டியின் மேலேயே எழுதி வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இறுகாத ஜெல் வெறும் அழகுப் பிரச்சினை கிடையாது. ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் வகைப் பொருள்கள், முக்கியமாக ஹெமா எனப்படுவது, இறுகாத நிலையில் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். விரல் நுனியில் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு வரும், நகம் தசையிலிருந்து விலகும். விரல் முகத்தில் படுவதால் சிலருக்குக் கண் இமையிலும் அரிப்பு வரும். ஒரு தடவை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் இருக்கும். பல்லில் வெள்ளை ஃபில்லிங் வைக்கும் பிசினும் அக்ரிலேட் குடும்பம்தான். சர்க்கரை அளவு பார்க்கக் கையில் ஒட்டும் சென்சார்கள் சிலவற்றின் பசையிலும் அந்தக் குடும்பப் பொருள் இருக்கிறது. இருபது வயதில் நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை ஐம்பது வயதில் வைத்தியத்துக்குக் குறுக்கே நிற்கலாம். பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே வீட்டில் போடும் ஜெல் கிட்களைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறைக்காரர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. ஜெல்லை இறுக வைக்க உதவும் டி.பி.ஓ. என்ற பொருளுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடை. இங்கே ஆன்லைனில் வரும் பாட்டிலில் பொருள்பட்டியலே இல்லாமல் இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம்.

இதற்காக லேம்ப் ஜெல்லையே ஒதுக்கச் சொல்லவில்லை. செய்வதானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். நகத்தில் எண்ணெய் இருக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு உட்கார்ந்தால் இரண்டு நாளில் ஓரம் தூக்கும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் நகத்தை ஒற்றி எடுங்கள். அடிப்பூச்சான பேஸ் கோட் ஒன்று. அப்புறம் கருப்பு, அடியில் உள்ள நகம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக. முதல் கோட் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனசு தளர வேண்டாம். மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் லேம்ப்பில் பாட்டில் சொல்லும் முழு நேரம். பெரும்பாலான எல்.இ.டி. லேம்ப்புக்கு அது 60 நொடி. நாலு விரலை முதலில் காட்டிவிட்டுக் கட்டைவிரலைத் தனியாகக் காட்டுங்கள். சேர்த்து வைத்தால் அது சாய்ந்துகொள்ளும், ஒளி நேராக விழாது. தோலில் ஒரு சொட்டு பட்டாலும் லேம்ப்பில் வைக்கும் முன்பே குச்சியால் வழித்துவிட வேண்டும்.

லேம்ப்பிலிருந்து எடுத்ததும் மேற்பரப்பு சுருங்கி வரிவரியாக இருந்தால் கோட் தடித்துவிட்டது என்று பொருள். அதன்மேல் இன்னொரு கோட் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், அந்த விரலை முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். லேம்ப்புக்குள் நகம் திடீரென்று சுட்டாலும் தடிமன்தான் காரணம், ஏனென்றால் ஜெல் இறுகும்போது வெப்பம் வெளியிடும்.

கிட்டோடு இலவசமாக வரும் குட்டி யூ.எஸ்.பி. லேம்ப் கருப்புக்குப் போதாது. 36 வாட்டுக்கு மேல், கூடுமானவரை ஜெல் வாங்கும் அதே கம்பெனியின் லேம்ப்பாக இருப்பது நல்லது. ஜெல்லும் லேம்ப்பும் ஒளியின் அலைநீளத்தில் ஒத்துப்போக வேண்டும், வாட் எண்ணிக்கை மட்டும் போதாது. கை தோலுக்கும் யூ.வி. ஒளி படுகிறது என்பதால் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளவோ, விரல் நுனி வெட்டிய கையுறை போடவோ அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அமைப்பு சொல்கிறது. சன்ஸ்கிரீன் தடவுவதானால் நகத்தின் மேல் படாமல் தடவுங்கள். டாக்ஸிசைக்ளின் மாதிரி, வெளிச்சம் பட்டால் தோலைப் பாதிக்கும் மாத்திரை சாப்பிடும் நாட்களில் லேம்ப் வேண்டாம்.

நம் ஊருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெல்லை இறுக வைக்கும் ஒளி சூரியனிலும் இருக்கிறது. வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து பூசினால் பிரஷ்ஷிலேயே கெட்டியாகிவிடும், பாட்டிலும் வீணாகும். கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்த பாட்டில் மறுபடி உதவாது. வீட்டின் உள் அறையில், டியூப் லைட் வெளிச்சத்தில் பூசுவதே சரி. பவர் கட் நாளில் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் இறுகாத ஜெல்லை முழுக்கத் துடைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

கழற்றும்போது முதலில் மேலே உள்ள பளபளப்பை ஃபைலால் லேசாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளால் சுற்றிப் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் வைத்திருங்கள். ஜெல் நெகிழ்ந்து மேலே எழும்பும்; ஆரஞ்சு குச்சி எனப்படும் சிறு மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வைப்பதே வழி, சுரண்டக் கூடாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, சாமி விளக்கு, பவர் கட்டில் ஏற்றிய மெழுகுவர்த்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பாலிஷ் போட்ட மேஜை மேலும் செல்போன் கவர் மேலும் சிந்தினால் கறை போகாது.

ஆக, கிட் ஆயிரம் ரூபாய் என்றாலும் அதோடு ஆல்கஹால், அசிட்டோன், ஃபைல், தாள், பேஸ், டாப் எல்லாம் சேரும். ஒவ்வொரு இரண்டு வாரமும் போட ஒன்றரை மணி, கழற்ற முக்கால் மணி. மாதம் இரண்டு தடவை தொடர்ந்து போடுகிறவருக்குத்தான் பார்லரைவிட இது மலிவு. வருஷத்துக்கு மூன்று நாலு தடவை போடுகிறவர் பார்லருக்குப் போவதே லாபம். கைத் திறமையும் அங்கே இருக்கும். ஆனால் அங்கேயும் கழற்றும்போது சுரண்டினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

யாருக்கு ஏற்றது? கை நிதானம் உள்ளவர், ஏற்கெனவே வெளிர் நிறத்தில் பழகியவர், கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், தோலில் எந்த ஒவ்வாமையும் இல்லாதவர். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

## சாதா கருப்பு பாலிஷ், மேலே பளபள டாப் கோட்

வீட்டில் முதல் தடவை கருப்பு போடுகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான். பிசகினால் ரிமூவரில் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம், மறுபடியும் பூசலாம். கை பழகுவது அப்படித்தான்.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். "ஜெல்" என்று பெரிதாக எழுதிய பாட்டில்கள் இரண்டு வகை. ஒன்று சாதா பாலிஷ், ஜெல் போல மின்னும் என்பதற்காக அந்தப் பேர். இன்னொன்று லேம்ப் இல்லாமல் காயவே காயாத அசல் ஜெல். பாட்டிலின் பின்பக்கம் லேம்ப் அல்லது யூ.வி. என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். லேம்ப் இல்லாத வீட்டில் அசல் ஜெல்லைப் பூசிக்கொண்டு ஃபேன் அடியில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் பெண்கள் உண்டு. அந்த நேரம் முழுக்க இறுகாத ஜெல் தோலில் படுகிறது என்பதை நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

பேஸ் கோட்டைத் தவிர்க்காதீர்கள். கருப்பு நிறமி வெறும் நகத்தில் இறங்கினால், பாலிஷை எடுத்த பிறகு நகம் மஞ்சளாகத் தெரியும், அது வளர்ந்து போகும் வரை இருக்கும். இரண்டு மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிடம். நகத்தின் முனை விளிம்பிலும் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்து மூடிவிடுங்கள், உரிவது அங்கிருந்துதான் தொடங்கும். மேலே டாப் கோட். மூன்றாம் நாள் இன்னொரு டாப் கோட் போட்டால் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும்.

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே மெத்தென்றுதான் இருக்கும். ராத்திரி பூசிவிட்டு உடனே படுத்தால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாகியிருக்கும். சாயங்காலம் பாத்திரமெல்லாம் முடித்தபிறகு பூசி, இரண்டு மணி நேரமாவது கையைச் சும்மா வைத்திருக்க முடிகிற நாளாகப் பாருங்கள். கோடையில் பாட்டில் கெட்டியானால் பலர் ரிமூவர் ஊற்றிக் கலக்குகிறார்கள். அது பாலிஷைக் கெடுக்கும். நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறது, இரண்டு மூன்று சொட்டு போதும்.

சமையலறையில் இதற்கு ஒரு அனுகூலம் உண்டு. மஞ்சள், மிளகாய்த்தூள் கறை கருப்பில் தெரியாது. ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்தால் மட்டும் கீறல் விழும், கையுறை போட்டால் அதுவும் இல்லை. வேலையில் கரைப்பான் தொடுகிறவர்களுக்குத்தான் இது ஒத்துவராது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ, தோல் கம்பெனிகளில் பசையைத் துடைக்கப் பயன்படுத்தும் கரைப்பான் சாதா பாலிஷையும் கரைத்துவிடும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அசிட்டோன் தொடுகிற மாணவிகளுக்கும் அதே கதை.

மறைமுகச் செலவு நேரம்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ரிமூவர் நகத்தை உலர்த்தும் என்பதால், எடுத்தபிறகு நகத்திலும் சுற்றியுள்ள தோலிலும் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஒரு ராத்திரி விடுவது நல்ல பழக்கம்.

## ஒட்டு நகம்

ஒரே நாள் விசேஷத்துக்கு இதை மிஞ்சியது இல்லை. ஏற்கெனவே முடித்த கருப்பு நகம், டிசைனும் தயாராக இருக்கும். ஒவ்வொரு விரலுக்கும் அளவு பார்த்து வரிசையாக அடுக்கிவிட்டு ஒட்ட வேண்டும். இரண்டு அளவுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் சற்றுப் பெரியதை எடுத்து ஓரத்தை ஃபைல் செய்யுங்கள். சிறியது அழுத்தி நகத்தை வலிக்க வைக்கும்.

சாயங்காலம் வரவேற்புக்குப் போட்டு ராத்திரி எடுப்பதென்றால் இரட்டைப்பக்க ஸ்டிக்கர் போதும், பசை வேண்டாம். பசை நகத்துக்குக் கடுமையானது. அது சயனோஅக்ரிலேட், ஃபெவிக்விக் வகைதான். ஒரு எச்சரிக்கை: இந்தப் பசை பருத்தித் துணியில் சிந்தினால் வேகமாகச் சூடேறும், அடியில் உள்ள தோல் வெந்துபோகும். காட்டன் நைட்டியோடு மடியில் வைத்து ஒட்டாதீர்கள். மேஜையில் ஒரு தட்டு வைத்து அதன்மேல் செய்யுங்கள்.

இதன் பலவீனம் தண்ணீர். ஓரம் தூக்கிய ஒட்டு நகத்துக்கு அடியில் ஈரம் தங்கினால் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சை நிறமாகும். கருப்புக்கு அடியில் அது தெரியாது என்பதுதான் பிரச்சினை. ஒரு ஓரம் தூக்கினாலும் மேலே பசை தடவி அமுக்காமல் கழற்றி, கழுவி, காய வைத்தே மறுபடி ஒட்டுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்தால் ஒன்றிரண்டு கழன்றுவிடும், ஏனென்றால் இவற்றைக் கழற்றும் வழியே வெந்நீரும் எண்ணெயும் சோப்பும்தான். நீளமான நகத்தோடு சாம்பார் சாதம் பிசைவதும் கஷ்டம், பருக்கை அடியில் மாட்டிக்கொள்ளும். விருந்தில் பிரியாணி சாப்பிட வேண்டுமென்றால் குட்டை வடிவமே எடுங்கள்.

கவனமாக எடுத்துப் பெட்டியில் வைத்தால் ஒரு செட்டை மூன்று நாலு தடவை போடலாம். அப்படிப் பார்த்தால் எப்போதாவது போடுகிறவருக்கு மலிவு இதுதான்.

ஜெல் ஸ்டிக்கர் என்று இன்னொன்றும் வருகிறது. பாதி இறுகிய ஜெல் பட்டை, நகத்தில் ஒட்டி லேம்ப்பில் காட்ட வேண்டும். பிரஷ் பிடிக்கத் தெரியாதவருக்கு வசதி, ஆனால் லேம்ப்பும் வேண்டும், ஒவ்வாமைப் பேச்சும் அதேதான். அதனால் தனியாக எடைபோடவில்லை.

## எந்த டிசைன் எதில் நன்றாக வரும்

முழுக் கருப்பு, கண்ணாடிப் பளபளப்பு. குட்டை நகத்தில், முனை லேசாக வளைந்த சதுரமாக வெட்டிப் போட்டால் எந்த உடைக்கும் பொருந்தும். சாதா பாலிஷிலேயே அழகாக வரும். வலக்கைக்காரர்கள் வலது கைக்குப் பூசும்போதுதான் சொதப்பும். பிரஷ்ஷை அசைக்காமல் விரலை உருட்டிப் பாருங்கள், ஓரம் நேராக வரும்.

மேட் கருப்பு. படத்தில் மிக அழகு. ஆனால் சமைக்கிற கைக்கு வேண்டாம். எண்ணெய் பட்ட இடம் பளபளவென்று திட்டாகத் தெரியும், மாவு ஒட்டினால் வெள்ளையாகப் படியும். மேட் வேண்டுமென்றால் ஒட்டு நகத்தில் ஒரு நாளைக்குப் போடுங்கள்.

மேட் நகம், பளபள முனை. இரண்டும் கருப்பே, வெளிச்சம் பட்டால் மட்டும் முனை தனியாகத் தெரியும். மேட் டாப் கோட் காய்ந்தபின் முனையில் பளபள டாப் கோட்டை வளைவாக இழுத்தால் போதும். செலவே இல்லாமல் பெரிய பார்லர் வேலை மாதிரி இருக்கும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

புள்ளிக் கோலம். கருப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகளை ஹேர்பின்னின் உருண்டை நுனியால் வைத்து, பல்குத்தும் குச்சியால் ஒரே ஒரு வளைவுக் கோடு. பத்து விரலுக்கும் வேண்டாம், மோதிர விரலுக்கு மட்டும் போதும். மார்கழியில் வாசலில் போட்டுப் பழகிய கைக்கு இது தானாக வரும். சாதா பாலிஷ், ஜெல் இரண்டிலும் செய்யலாம். சாதா பாலிஷில் கருப்பு முழுக்கக் காய்ந்தபிறகு வைக்காவிட்டால் வெள்ளை இழுபட்டுச் சாம்பலாகும்.

அடியில் தங்கக் கோடு. நகத்தின் அடிப்பக்க வளைவை ஒட்டி மெல்லிய தங்க நிறக் கோடு. பட்டுப் புடவைக்கும் கோயில் நகைக்கும் இவ்வளவு பொருந்தும் கருப்பு நகம் வேறில்லை. "கல்யாணத்துக்குக் கருப்பா?" என்று பெரியம்மா முகம் சுளித்தாலும், தங்கம் சேர்ந்ததும் கொஞ்சம் இறங்கி வருவார். மெல்லிய கோடு சாதா கைக்குக் கடினம், கோட்டு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி மேலே டாப் கோட் போடுங்கள்.

வெறும் நகத்தில் கருப்பு முனை. கருப்பு குறைவாகப் பூசுவதால், வளரும்போது அடியில் இடைவெளி தெரியாது. லேம்ப் ஜெல்லில் போட விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். தோலுக்கும் கருப்புக்கும் தூரம் இருக்கும். முனை நுனியிலும் பேஸ் கோட் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பூனைக்கண், குரோம். காந்தம் காட்டி ஒளிக்கோடு வரவைப்பதும், பவுடர் தேய்த்துக் கண்ணாடியாக்குவதும் லேம்ப் ஜெல்லில்தான் சரியாக நிற்கும். இந்த இரண்டு மட்டுமே வேண்டும் என்றால் பார்லரில் போடுவதே மேல், அல்லது அதே டிசைனில் ஒட்டு நகம்.

நகத்தோடு விரல் நுனியும் கருப்பாக வேண்டும் என்று சிலர் "கருப்பு மருதாணி" கூம்பு வாங்குகிறார்கள். மருதாணி இலை கருப்பு நிறம் தராது. சிவப்பும் பழுப்பும்தான் தரும். உடனே கருப்பாகப் பிடிக்கிறதென்றால் அதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது தோலில் கொப்புளமே எழுப்பும். இதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

## யாருக்கு எது

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் நர்சிங் மாணவிகளுக்கும்: நோயாளியைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் போடக் கூடாது, இயற்கை நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுத்த வழிகாட்டி சொல்கிறது. உங்களுக்கு லேம்ப் ஜெல்லும் பசையில் ஒட்டும் நகமும் ஒத்துவராது. விடுப்பு நாளில் ஸ்டிக்கரில் ஒட்டு நகம், ராத்திரியே கழற்றிவிடுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் லேம்ப் ஜெல் போட வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி நகத்தின் வழியாக ஒளி அனுப்பித்தான் அளவைக் காட்டுகிறது. கருப்பு போன்ற அடர் நிறம் அந்த அளவைக் கெடுக்கலாம், நகத்தின் இயல்பு நிறத்தையும் மருத்துவர் பார்க்க முடியாது. அவசரமாகச் சேர்க்க வேண்டிய நேரத்தில் அசிட்டோனும் அலுமினியத் தாளும் தேட முடியுமா? வளைகாப்புக்கு ஆசையாக இருந்தால் ஒட்டு நகம்.

ஐந்து வேளை தொழுகிறவர்களுக்கு, தொழுகைக்கு முன் கை முகம் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வீடுகளில் இது தெரியாதவர் இல்லை. தொழுகை இல்லாத நாட்களில் சாதா பாலிஷ், மற்ற நாளில் ஒரு விசேஷத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டு என்று வைத்துக்கொள்வது எளிது. நகத்தில் படலம் விடாத அசல் மருதாணி எப்போதும் இருக்கிறது.

விடுதி மாணவிகளுக்குச் சாதா பாலிஷ். நாலு பேர் ஒரே அறையில் லேம்ப் ஜெல்லைப் பகிர்ந்துகொள்வது சிக்கனமாகத் தெரியும், ஆனால் ஒருவருக்கு ஒவ்வாமை தொடங்கினாலும் இறுகாத ஜெல் பாட்டில் கழுத்திலும் லேம்ப் அடித்தட்டிலும் ஒட்டியிருக்கும், அந்த அறையில் அவர் எதையும் தொட முடியாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டால் லேம்ப் ஜெல் வேண்டவே வேண்டாம். அந்த வயதில் வரும் ஒவ்வாமையைச் சுமக்க வேண்டிய வருஷங்கள் அதிகம். தீபாவளிக்கு ஒரு சாதா கருப்பும் கொஞ்சம் வெள்ளைப் புள்ளியும் போட்டுக் கொடுங்கள்.

எல்லாம் படித்தும் லேம்ப் ஜெல்தான் வேண்டும் என்கிறவர்கள், கருப்பு பாட்டிலை வாங்குவதற்கு முன் வெளிர் நிறம் ஒன்றில் நாலைந்து தடவை போட்டுக் கழற்றிப் பழகுங்கள். ஹெமா இல்லாதது என்று எழுதிய, பொருள்பட்டியல் அச்சிட்ட பாட்டிலாக எடுங்கள். அப்படி எழுதியிருந்தாலும் மற்ற அக்ரிலேட்கள் இருக்கும் என்பதால் தோலில் படாமல் பூசும் கவனம் குறையக் கூடாது. விரல் நுனியில் அரிப்போ சிவப்போ தொடங்கினால் அன்றைக்கே கழற்றி, தோல் மருத்துவரிடம் பாட்டிலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.